42 கிலோமீட்டர், 8,400 வெள்ளி (ரிங்கிட்): பினாங்குப் பாலத்தில் அறநிதிக்காக மாரத்தான் ஓட முழு வழிகாட்டி

அப்பா ஆறு ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டார். செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணிக்கு இயந்திரத்தோடு இணைத்தால் பதினொன்றுக்குத்தான் விடுவார்கள். ஓர் அறநிறுவனம் நடத்தும் நிலையம் அது. பினாங்கின் பெருநிலப் பக்கம் பிறை என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அவரைக் கூட்டிப் போய்விட்டு வெளியே நாற்காலியில் காத்திருப்பேன். இந்த இடம் யார் பணத்தில் நடக்கிறது என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். நாங்கள் கட்டியது ஒரு சிறு பங்குதான், மீதியை முகம் தெரியாத பலர் கொடுத்திருந்தார்கள். அப்பா தவறிய மறு ஆண்டு பினாங்குப் பாலத்தில் முழு மாரத்தான் ஓடி அந்த நிலையத்துக்கு நிதி திரட்டினேன். பிறகு இன்னும் இரண்டு முறை ஓடினேன்.

இன்றைக்கு ஐந்து கிலோமீட்டர்கூட ஓட முடியாதவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். மூன்று முறை ஓடியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: பயிற்சிக்கு ஒரு நாட்காட்டி, வசூலுக்கு வேறொரு நாட்காட்டி என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒரே நாளில் தொடங்கி, வாரா வாரம் சேர்ந்தே வளர வேண்டும். "முதலில் ஓடிப் பழகிவிடுகிறேன், பணத்தைக் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்களுக்குக் கடைசி மாதத்தில் கேட்கும் தெம்பு இருப்பதில்லை.

முதல் படி: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

காலணி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. மனத்துக்கு நெருக்கமான காரணம் ஒன்று இருந்தால்தான் பதினான்காவது வாரத்தில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்திருப்பீர்கள். காரணம் எதுவாகவும் இருக்கலாம்: புற்றுநோயாளிகள், பார்வையற்றோர், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணம், ஆதரவற்ற குழந்தைகள் இல்லம்.

அமைப்பைத் தேர்ந்தெடுத்ததும் நேரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சங்கப் பதிவு இலாகாவில் முறையாகப் பதிவு செய்திருக்கிறார்களா, வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரிலேயே இருக்கிறதா, 1967 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் வரிவிலக்கு ரசீது கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். நம் ஆட்கள் கேட்கத் தயங்குவது இந்த மூன்றாவது கேள்வியைத்தான். ஆனால் பெரிய தொகை கொடுப்பவர்கள் முதலில் விசாரிப்பதும் அதைத்தான். அப்புறம், அவர்கள் பெயரில் நிதி திரட்ட உங்களுக்கு அனுமதி தரும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மோசடி அழைப்புகளால் மக்கள் சலித்துப்போயிருக்கும் காலம் இது. அந்த ஒரு பக்கக் கடிதம் உங்களுக்காகப் பேசும்.

கோலாலம்பூரில் ஓட நினைப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2009 இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் மாரத்தான் தன் அறநிதித் திட்டத்தை 'ரன் ஃபார் எ ரீசன்' என்ற பெயரில் நடத்திவந்திருக்கிறது. நீங்கள் ஓட நினைக்கும் ஆண்டில் எந்தெந்த அமைப்புகள் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்து அதன் வழியாகப் போகலாம். நான் சொல்வது பினாங்குப் பாலத்தில் தனியாளாக நிதி திரட்டும் வழி.

பணம் உங்கள் கணக்குக்கு வரவே கூடாது

முதல் ஆண்டு நான் செய்த பெரிய தவறு இதுதான். எல்லாரும் வசதி என்று சொன்னதால் என் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தேன். சம்பளம், வீட்டு வாடகை, கார்த் தவணை எல்லாம் போய்வரும் அதே கணக்கு. ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், "எவ்வளவு சேர்ந்தது தம்பி, எவ்வளவு கொடுத்தாய்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். ஒரு காசுகூட நான் தொடவில்லை. ஆனால் அந்த இடத்தில் சொல்ல என்னிடம் எண்ணிக்கை இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு இரவு உட்கார்ந்து வரிவரியாகப் பிரித்தேன். அவர் கேட்டது நியாயம். பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பவனிடம் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கணக்குக் கேட்கலாம்.

அதனால் அமைப்பின் டூயிட்நவ் கியூஆரை (கைப்பேசியில் வருடி நேராக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் குறியீடு) வாங்கி அதையே அனுப்புங்கள். பணம் அனுப்பும்போது குறிப்பில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். உங்கள் வழியாக எவ்வளவு வந்தது என்று அமைப்பின் கணக்காளர் வாரம் ஒருமுறை பட்டியல் கொடுத்தால் போதும். பதிவுக் கட்டணம், காலணி, பயணம் எல்லாம் உங்கள் சொந்தச் செலவு என்பதை முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.

உண்டியலோடு கடைத்தெருவில் இறங்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். வீடு வீடாகவோ தெருவிலோ பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு 1947 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குக் காவல்துறையின் உரிமம் வேண்டும். லிட்டல் இந்தியாவில் பால் டின்னைக் குலுக்கினால் நல்ல எண்ணம் என்பதற்காகச் சட்டம் விலகி நிற்காது. தெரிந்தவர்களிடம் நேரடியாகக் கேட்பதே போதும்.

மருத்துவரைப் பார்த்துவிட்டுக் காலணி வாங்குங்கள்

2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மலேசிய இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம், அதில் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஆகவே இனிப்பு நீர், இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு மூன்றையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அரசாங்கக் கிளினிக் போதும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் மாரடைப்பு வந்தவர்கள், "முழு மாரத்தான் ஓடப் போகிறேன்" என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சும்மா உடற்பயிற்சி என்று சொன்னால் அவர் வேறு கணக்குப் போடுவார். இன்சுலின் எடுப்பவர்கள் ஓடும்போது சர்க்கரை இறங்கிவிடுவதைப் பற்றித் தனியாகப் பேசுங்கள்.

காலணியை மாலையில் போய் வாங்குங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். இருபது வாரப் பயிற்சியே ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடும் என்பதால், பத்தாவது வாரத்தில் இரண்டாவது ஜோடியை வாங்கிப் பழக்குங்கள். ஓட்ட நாளில் புதுக் காலணி கூடவே கூடாது.

இருபது வாரம்

பாலத்து மாரத்தான் பெரும்பாலும் ஆண்டின் கடைசியில், நவம்பர் அல்லது டிசம்பரில் வருகிறது. டிசம்பர் நடுவில் என்றால் ஜூலை கடைசியில் பயிற்சி தொடங்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடியாதவர்கள் அதற்கு முன் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம், வாரம் மூன்று நாள். மெல்ல மெல்ல ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள்.

பிறகு வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். செவ்வாயும் வியாழனும் 40 முதல் 60 நிமிடம், வெள்ளியன்று சுலபமாக அரை மணி நேரம், ஞாயிறு நெடுந்தூரம். மூன்று சின்ன ஓட்டங்களில் ஒன்று தவறினால் கவலை இல்லை, ஞாயிற்றுக்கிழமையைத் தவற விடாதீர்கள்.

ஞாயிறுகளின் தூரம், கிலோமீட்டரில்: முதல் நான்கு வாரம் 6, 7, 8, 6. அடுத்து 10, 12, 14, 10. அதன்பின் 16, 18, 21, 14. பிறகு 24, 26, 28, 18. பதினேழாவது வாரம் 30. பதினெட்டு, பத்தொன்பதாவது வாரங்களில் 22, 12. இருபதாவது வாரம் ஓட்டம். ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரம் இறங்குவதைப் பாருங்கள். எலும்பும் தசைநாரும் தேறுவது அந்த வாரத்தில்தான். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அங்கே கூட்டி ஓடியவர்களில் பலர் அடுத்த மாதம் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தீபாவளி இந்தப் பயிற்சியின் நடுவில்தான் வரும். அதையொட்டிய ஞாயிற்றை இறங்கு வாரமாக மாற்றி வைத்துவிடுங்கள். அதிரசத்தையும் உறவினர்களையும் மறுத்துவிட்டு ஓட வேண்டியதில்லை.

வேகம்? பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்பது மரியாதையான வேகம். அந்த வேகத்தில் 30 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் ஆகும், 42.195 கிலோமீட்டருக்கு 5 மணி 38 நிமிடம். பயிற்சியில் நான்கு மணி நேரத்தைத் தாண்டாதீர்கள், அதற்கு மேல் உடம்புக்குச் சேர்வது சோர்வு மட்டுமே. எனக்கு அந்த நான்கு மணி நேரத்துக்கு வேறொரு கணக்கும் இருந்தது. அப்பா ஒரு தடவை நாற்காலியில் இருந்த நேரம் அது.

எங்கே ஓடுவது? தீவில் இருப்பவர்களுக்கு கர்னி டிரைவ், கர்ப்பால் சிங் டிரைவ், குயின்ஸ்பே கடலோரம் எல்லாம் சமதரை. பெருநிலத்தில் பட்டர்வொர்த் கடற்கரைப் பக்கம் நன்றாக இருக்கும். ஆனால் பாலம் சமதரை இல்லை. 1985 இல் திறந்த இந்த முதல் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். கப்பல் போவதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். சாதாரண நாளில் அங்கே கால்நடையாகப் போக அனுமதியில்லை, ஆகவே ஏற்றத்தை வேறெங்காவது பழக வேண்டும். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுச் சாலையும், புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக் குன் மலையடிவாரமும் நான் போகும் இடங்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கும்பிடப் போகிற நாளில் அந்த 513 படிகளை நிதானமாக ஏறி இறங்கினாலே தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நல்ல வேலை. அங்கே ஓட வேண்டாம், அது கோயில்.

விடியலுக்கு முன் ஓடும்போது ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டை போடுங்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) நாய்களைக் கண்டால் நடைக்கு மாறிவிடுங்கள். பெண்கள் துணையோடு போவது நல்லது. எங்கள் தாமானில் இரண்டு அக்காமார் நான்கு மணிக்கு ஓட ஆரம்பித்தார்கள், மூன்று மாதத்தில் எட்டுப் பேர் ஆனார்கள்.

வலியைப் பற்றி ஒரே விதி. ஓடும் விதத்தை மாற்ற வைக்கிற வலி என்றால் அன்றைக்கு நிறுத்துங்கள். தசை கடுப்பது வேறு, குறிப்பிட்ட ஓரிடத்தில் குத்துவது வேறு. நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் நின்று உடனே உதவி கேளுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கேட்பது எப்படி

பலருக்கு 30 கிலோமீட்டரைவிட இதுதான் பயம். கைநீட்டிக் கேட்பது கௌரவக் குறைவு என்று வளர்ந்திருக்கிறோம். உங்களுக்காக நீங்கள் கேட்கவில்லை என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் வாய் திறக்கும்.

இலக்கை மக்கள் கையில் எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் துண்டாக்குங்கள். நான் ஒரு கிலோமீட்டருக்கு 200 வெள்ளி என்று வைத்தேன். 42 கிலோமீட்டருக்கு 8,400 வெள்ளி. மிச்சமிருக்கும் 195 மீட்டருக்குக் கணக்குப்படி 39 வெள்ளி, அதை முதல் நாளே நான் போட்டேன். ஒரு கிலோமீட்டரைத் தனியாகவும் எடுக்கலாம், கூட்டாகவும் எடுக்கலாம். என் அத்தை 32 ஆவது கிலோமீட்டரைக் கேட்டு வாங்கினார், அங்கேதான் கால் நின்றுபோகும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். தமிழ்ப்பள்ளியில் கூடப் படித்தவர்கள் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் எடுத்தார்கள். பூக்கடை அக்கா ஒருவர் இன்னும் ஒன்பது பேரைச் சேர்த்து ஆளுக்கு 20 வெள்ளி போட்டு ஒரு கிலோமீட்டர் எடுத்தார். எனக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தது அந்தக் கிலோமீட்டர்தான்.

அறுபது பெயர்களை எழுதுங்கள். முதல் வாரம் வீட்டாரும் மிக நெருங்கியவர்களும். வெறும் பட்டியலில் முதல் ஆளாகப் பெயர் எழுத யாரும் விரும்ப மாட்டார்கள், ஆகவே ஏழெட்டுக் கிலோமீட்டர் நிரம்பிய பிறகு மற்றவர்களிடம் போங்கள். குழுவில் ஒரே செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை, கட்டைவிரல் படம்தான் வரும். ஆளுக்கு ஆள் தனியாக எழுதுங்கள். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம் அண்ணே. டிசம்பரில் பாலத்தில் 42 கிலோமீட்டர் ஓடப் போகிறேன். அப்பா போய்க்கொண்டிருந்த டயாலிசிஸ் நிலையத்துக்காக. ஒரு கிலோமீட்டருக்கு 200 வெள்ளி. நீங்களும் அண்ணியும் ஒன்றை எடுத்துக்கொள்வீர்களா? பாதி என்றாலும் சந்தோஷம். பணம் நேராக நிலையத்தின் கணக்குக்குப் போகும், கியூஆரும் கடிதமும் கீழே இருக்கின்றன. வரி ரசீது வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறேன்."

தொகையைச் சொல்லிக் கேட்பது முக்கியம். "முடிந்ததைக் கொடுங்கள்" என்றால் எவ்வளவு கொடுப்பது என்ற சங்கடத்தில் பலர் தள்ளிப்போட்டுவிடுவார்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவரவர் வீட்டு நிலைமை நமக்குத் தெரியாது.

இனி அந்த ஒரே நாட்காட்டி. ஒவ்வொரு ஞாயிறும் நெடுந்தூர ஓட்டம் முடிந்து குளித்துப் பசியாறியதும், கொடுத்தவர்களுக்கும் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் மூன்று வரி எழுதுங்கள். இன்று எத்தனை கிலோமீட்டர், எந்தக் கிலோமீட்டர்களுக்கு ஆள் வந்தாயிற்று, மொத்தம் எவ்வளவு. மழையில் பாதியில் திரும்பினால் அதையும் எழுதுங்கள். நான் 24 கிலோமீட்டர் ஓடிய ஞாயிறன்றுதான் மூன்று மாதமாகப் பேசாதிருந்த பலர் பணம் அனுப்பினார்கள். ஆள் உண்மையாகவே ஓடுகிறான் என்று தெரிந்தபோது கை தானாக நீண்டது. வேலையிடத்திலும் கேளுங்கள். சில நிறுவனங்கள் ஊழியர் திரட்டும் தொகைக்குச் சமமாகத் தாங்களும் போடும், மனிதவளப் பிரிவில் விசாரித்தால்தான் தெரியும்.

சூடு, வியர்வை, புகைமூட்டம்

நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். நான்கைந்து ஞாயிறு குறித்து வைத்தால் மணிக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. என் முதல் மாரத்தானில் தண்ணீர் மேசை வரும்போதெல்லாம் வெறும் தண்ணீரை இரண்டு கோப்பை குடித்தேன். 34 ஆவது கிலோமீட்டரில் விரல் வீங்கி மோதிரம் இறுகியது, குமட்டல், தலைவலி. இரத்தத்தில் உப்பு குறைந்துபோனால் இப்படி வரும், முற்றினால் மனக் குழப்பமும் வலிப்பும்கூட வரலாம். அதன்பிறகு தாகத்துக்கு ஏற்பச் சில மடக்கு மட்டும், ஒரு மேசையில் தண்ணீர், அடுத்ததில் 100 பிளஸ் போன்ற உப்புள்ள பானம் என்று மாற்றிக்கொண்டேன்.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை புகைமூட்டம் வரக்கூடும். 2015 இல் கோலாலம்பூர் மாரத்தானையே அதனால் ரத்து செய்தார்கள். காற்று மாசுக் குறியீடு 100 ஐத் தாண்டினால் வெளியே ஓடாதீர்கள். அன்றைக்குப் படிக்கட்டோ உடற்பயிற்சிக் கூடமோ போதும். ஓட்டமே ரத்தானால் பணத்தை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: "நடந்தாலும் நடக்காவிட்டாலும் நிதி நிலையத்துக்கே."

சாப்பாடு

இதில் பெரிதாக ஒன்றும் மாற்ற வேண்டாம். நெடுந்தூர ஓட்டத்துக்கு முந்திய இரவு சோறு, எண்ணெயும் காரமும் குறைந்த குழம்பு. காலையில் ரொட்டி, ஒரு பிசாங் எமாஸ் வாழைப்பழம். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து 30 கிலோமீட்டரை ஒட்டித் தீரும், அதனால்தான் அங்கே கால் இரும்பாகிறது. ஆகவே 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஜெல் (ஓட்டக்காரர்கள் விழுங்கும் இனிப்புக் கூழ்) அல்லது இரண்டு பேரீச்சம்பழம் எடுங்கள். வயிறு எதை ஏற்கிறது என்பதைப் பயிற்சியிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஓட்ட இரவு

கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துத் தூக்கத்தைக் கூட்டுங்கள். பாலத்து மாரத்தான் நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில், இருட்டிலேயே தொடங்குவது வழக்கம். புறப்படும் நேரத்தையும் முடிக்க வேண்டிய நேர வரம்பையும் அந்த ஆண்டு விதியில் பாருங்கள். அன்றிரவு தூங்க முடியாது என்பதால் முந்திய இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்கி, அன்று பிற்பகலிலும் படுத்துவிடுங்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். பெருநிலத்துக்காரர்கள் முந்திய மாலையே தீவுக்கு வந்துவிடுங்கள், பாலத்தில் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கும்.

தொடை, அக்குள், மார்புக் காம்பு எல்லாவற்றிலும் வாசலின் தடவுங்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். வலியை மறைக்கும், சில மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

முதல் பத்துக் கிலோமீட்டர் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். எல்லாரும் முந்திப் போவார்கள், போகட்டும். பாலத்தில் ஏறியதும் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும். இணைப்புகளில் இருக்கும் இரும்புப் பட்டைகளில் கால் வழுக்காமல் பார்த்து வையுங்கள். 30 ஐத் தாண்டியபின் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பிரித்துக்கொள்ளலாம். நடந்தால் கணக்கில் வராது என்று யாரும் சொல்லப் போவதில்லை.

ஒரு சிறு தாளில் 42 பெயர்களையும் வரிசையாக எழுதி, ஈரம் படாமல் பையில் போட்டு எடுத்துப் போனேன். ஒவ்வொரு கிலோமீட்டர்ப் பலகையிலும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டேன். 32 இல் அத்தை. கடைசி 195 மீட்டர் அப்பா பெயரில்.

முடித்ததும் உட்காராதீர்கள். பத்து நிமிடம் நடந்து, ஈரத் துணியை மாற்றி, உப்பும் இனிப்பும் உள்ள எதையாவது சாப்பிடுங்கள். நீங்களே கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டாம்.

கணக்கை முடிப்பது

ஒரு வாரத்துக்குள் செய்யுங்கள். அமைப்பிடமிருந்து இறுதித் தொகையைக் கையொப்பமிட்ட கடிதமாக வாங்கி, கொடுத்த ஒவ்வொருவருக்கும் அதன் படத்தையும் முடித்த நேரத்தையும் அனுப்புங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றவர்களின் பெயரை மறைத்துவிடுங்கள். ரசீது கேட்டவர்களின் முழுப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியாகப் போய்ச் சேர்ந்தனவா என்று பாருங்கள். வரிப் படிவம் நிரப்பும் மாதத்தில் தேடினால் கிடைக்காது. நிலையத்தில் படம் எடுப்பதானால் நோயாளிகளின் முகம் தெரியாமல் எடுங்கள்.

மூன்றாம் முறை அந்தக் கடிதத்தை வாங்க ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனேன். மணி பத்தே முக்கால். வெளியே நாற்காலியில் ஒரு பையன் கைப்பேசியைப் பார்த்தபடி காத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். "யாருக்குத் தம்பி?" என்றேன். "அம்மாவுக்கு அண்ணே, இன்னும் கால் மணி நேரம்" என்றான்.